"எண்ணெய் கிடைச்சிருச்சு"ன்னு நியூஸ் வந்தா பணம் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்

2010 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. லண்டன்ல லிஸ்ட் ஆகியிருந்த டிசையர் பெட்ரோலியம்ங்கிற சின்ன கம்பெனி, ஃபாக்லாந்து தீவுகளுக்கு வடக்கே கடல்ல தோண்டிக்கிட்டிருந்த ரேச்சல் நார்த் கிணத்துல எண்ணெய் இருக்குன்னு அறிவிச்சாங்க. ஷேர் ஏறுச்சு. திங்கக்கிழமை காலைல இன்னொரு அறிவிப்பு வந்துச்சு, மேற்கொண்டு அளந்து பார்த்ததுல அது எண்ணெய் இல்ல, தண்ணி. ஒரே நாள்ல ஷேர் பாதிக்கு மேல விழுந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூஸ் படிச்சுட்டு வாங்கினவங்களுக்கு யோசிக்கக்கூட நேரம் கிடைக்கல.

இந்தத் துறைல பணம் போடுற நிறைய பேர் "எண்ணெய் இருக்கு"ங்கிற ஒரு வார்த்தைய மட்டும் புடிச்சுக்குறாங்க. ஆனா அதுக்குள்ள மூணு தனித்தனி கேள்வி இருக்கு. இருக்கா, இருக்கிறது வெளிய வருமா, வந்தா என் பங்குக்கு எவ்வளவு மிஞ்சும். ஒண்ணுக்கு பதில் ஆமான்னு வந்துட்டா மத்த ரெண்டுக்கும் ஆமான்னு அர்த்தம் கிடையாது, இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு எந்த அறிவிப்பைப் படிச்சாலும் உங்களுக்கு அதுல பாதி குழப்பம் தீர்ந்துடும். அதை எப்படி படிக்கிறதுன்னுதான் இங்க எழுதுறேன்.

முதல்ல கீழ என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். பூமிக்கு அடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்குதுன்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. மணற்கல், சுண்ணாம்புக்கல் இந்த மாதிரி பாறைக்குள்ள கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன துளை இருக்கும், அந்தத் துளைக்குள்ளதான் எண்ணெயும் கேஸும் உப்புத்தண்ணியும் இருக்கு. அது அங்க வந்து சேரணும்னா பல விஷயம் வரிசையா நடந்திருக்கணும். பழைய காலத்து பாசி, நுண்ணுயிர் எல்லாம் சேறோட புதைஞ்சு, ஆழத்துல சூடாகி எண்ணெயா மாறுற ஒரு பாறை வேணும், அதை சோர்ஸ் ராக்னு சொல்றாங்க. அதுலருந்து எண்ணெய் மேல ஏறி வர ஒரு வழி வேணும். வந்து தங்குறதுக்கு துளை உள்ள பாறை வேணும், அது ரிசர்வாயர். தங்கினது மேல தப்பிச்சுப் போகாம இருக்க ஒரு மூடி வேணும், களிப்பாறையோ உப்போ, அது சீல். எல்லாத்துக்கும் மேல, அந்த மொத்த அமைப்பும் கவுத்து வச்ச வடிவத்துல மடிஞ்சோ, ஒரு பிளவுல முட்டியோ நிக்கணும், அதுதான் ட்ராப். இதுல ட்ராப் முதல்ல உருவாகி எண்ணெய் அப்புறமா வந்திருக்கணும், வரிசை மாறினா போச்சு.

எல்லாம் சரியா இருந்தும் எண்ணெய் இல்லாம போகுமான்னு கேட்டா, போகும். அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடல்ல 1983ல முக்லுக்னு ஒரு கிணறு தோண்டினாங்க. சோஹியோ கம்பெனி தலைமைல, கடலுக்கு நடுவுல சரளைக்கல் கொட்டி ஒரு தீவே கட்டி தோண்டினாங்க. பக்கத்துலயே ப்ரூடோ பே, அமெரிக்காவோட மிகப் பெரிய எண்ணெய் வயல். சீஸ்மிக்ல, அதாவது பூமிக்குள்ள ஒலி அலையை அனுப்பி அதோட எதிரொலியை வச்சு படம் எடுக்கிற முறைல, பார்த்த ட்ராப் ராட்சச சைஸ், அதனால ஏலத்துலயே கோடிக்கணக்குல கொட்டினாங்க. குத்தகை காசு, தோண்டின செலவு எல்லாம் சேர்த்து 100 கோடி டாலருக்கு மேல போன அந்தக் கிணத்துல வந்தது உப்புத்தண்ணி. பாறைல எண்ணெய்க் கறை இருந்துச்சு. அதாவது ஒரு காலத்துல அங்க எண்ணெய் இருந்து, அப்புறம் எங்கயோ வெளிய போயிடுச்சு. சீஸ்மிக் காட்டுறது பாறையோட வடிவம், உள்ள இப்ப என்ன இருக்குன்னு அது உறுதியா சொல்லாது, தோண்டினாத்தான் தெரியும்.

சீஸ்மிக் பத்தி இன்னொண்ணு. சில சமயம் கேஸ் இருக்கிற இடத்துல அந்த எதிரொலி பளிச்சுனு தெரியும், அதை பிரைட் ஸ்பாட்னு சொல்லி ப்ரெசென்டேஷன்ல கலர் கலரா போடுவாங்க. ஆனா பாறைல ரொம்ப கொஞ்சமா கேஸ் கலந்திருந்தாலே அதே மாதிரி பளிச்சுனு தெரியும், அந்தக் கொஞ்சத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால பிரைட் ஸ்பாட் இருக்குன்னு சொன்னா, அதே ஏரியால அதே மாதிரி பிரைட் ஸ்பாட்டை இதுக்கு முன்னாடி யாராவது தோண்டினாங்களா, என்ன கிடைச்சுதுன்னு தேடிப் பாருங்க. 2டி சீஸ்மிக்ல, அதாவது இடைவெளி விட்டு நாலு கோட்டுல மட்டும் அளந்து, ட்ராப் வரைஞ்சிருக்காங்களா, ஏரியா முழுக்க அளக்கிற 3டி எடுத்திருக்காங்களாங்கிறதையும் பாருங்க, ரெண்டுக்கும் நம்பகத்தன்மைல பெரிய வித்தியாசம் இருக்கு.

இப்ப எண்ணெய் சேர வேணும்னு முன்னாடி சொன்ன அஞ்சு விஷயத்துக்கும் ஒரு வாய்ப்பு நம்பர் போட்டுப் பாருங்க, சும்மா ஒரு உதாரணம்தான். சோர்ஸ் 90 சதவீதம், ரிசர்வாயர் 70, ட்ராப் 60, சீல் 60, எண்ணெய் சரியான நேரத்துல வந்து சேர்ந்திருக்கிறது 80. தனித்தனியா பார்த்தா எல்லாமே தேறிடும்போல தெரியுது. ஆனா எல்லாம் ஒண்ணா நடக்கணுமே, அதனால பெருக்கணும். பெருக்கினா 18 சதவீதம். அஞ்சு கிணறு தோண்டினா ஒண்ணு. புது ஏரியால தோண்டுற கிணத்துக்கு இந்த மாதிரி நம்பர்தான் சகஜம், அனுபவசாலி கம்பெனிகளே அப்படித்தான் கணக்கு வச்சுக்குறாங்க. யாராவது வந்து புது பேசின்ல, அதாவது இதுவரை எண்ணெய் எடுக்காத படுகைல, 80 சதவீத வாய்ப்புன்னு சொன்னா அந்த ஒரு வரிலயே அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சுடணும்.

அதோட நிறுத்தாதீங்க. கிணறு வெற்றின்னா உங்களுக்கு 100 கோடி மதிப்பு, தோத்தா 20 கோடி நஷ்டம்னு வச்சுக்குவோம். 18 சதவீதம்னா 18 கோடி வரவு, 82 சதவீதத்துக்கு 16.4 கோடி செலவு, ஒண்ணரை கோடி சொச்சம் லாபப் பக்கம் நிக்குது. ஆனா எண்ணெய் இருக்கிறதெல்லாம் வியாபாரத்துக்குத் தேறாது. இருக்கிறதுல பாதிதான் தேறும்னா வாய்ப்பு 9 சதவீதம், வரவு 9 கோடி, செலவு 18.2 கோடி. கணக்கு தலைகீழா போயிடுச்சு. கம்பெனி சொல்ற வெற்றி வாய்ப்பு எந்த வெற்றி, பூமிக்கடியில ஏதோ இருக்குங்கிற வெற்றியா, காசு பார்க்கிற வெற்றியான்னு கேக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

தோண்டும்போது என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா தினசரி அப்டேட் படிக்கிறது ஈஸி. ரிக்ங்கிற தோண்டுற மேடைல ஒரு நீளமான பைப்போட நுனியில பிட்ங்கிற பல் வச்ச முனை சுத்திக்கிட்டே பாறையை அரைக்கும். பைப்புக்குள்ள "மட்"னு சொல்ற, களிமண்ணும் கெமிக்கலும் கலந்த கனமான சேத்தை பம்ப் பண்ணுவாங்க, அது பிட் வழியா வெளிய வந்து அரைஞ்ச பாறைத் துகளை அள்ளிக்கிட்டு பைப்புக்கு வெளிப்பக்கமா மேல வரும். இந்த மட்டோட எடைதான் கீழ இருக்கிற அழுத்தத்தை அடக்கி வைக்குது. குறிப்பிட்ட ஆழம் வந்ததும் கேசிங்ங்கிற இரும்புக் குழாய் இறக்கி சிமெண்ட் போட்டு அடைச்சுட்டு, இன்னும் சின்ன பிட்டை வச்சு மேற்கொண்டு தோண்டுவாங்க. அழுத்தம் கட்டுப்பாடு கைமீறினா என்ன ஆகும்னு 2010 ஏப்ரல் 20ல மெக்சிகோ வளைகுடால டீப்வாட்டர் ஹொரைசன்ல 11 பேர் செத்தப்ப உலகமே பார்த்துச்சு. நம்ம நாட்டுல 1995ல ஆந்திராவுல பாசர்லபூடி கிணறு ரெண்டு மாசம் எரிஞ்சுது, 2020ல அசாம்ல பாக்ஜான் கிணறு மாசக்கணக்கா எரிஞ்சுது. இதெல்லாம் மனுஷ உயிரோட விஷயம், முதலீட்டாளர்ங்கிற முறையிலயும் நாம கேக்க வேண்டியதுதான்: ஒரே கிணத்தை நம்பியிருக்கிற சின்ன கம்பெனிக்கு இப்படி ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு இருக்கு?

மேல வந்த துகளை ஷேக்கர்னு ஒரு அதிர்ற சல்லடைல சலிச்சு, கொஞ்சம் எடுத்துக் கழுவி, தட்டுல வச்சு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க. அப்புறம் ஒரு இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சு புற ஊதா விளக்கு போட்டா, எண்ணெய் பட்ட மணல் துகள் மஞ்சளாவோ நீலம் கலந்த வெள்ளையாவோ மினுங்கும். அதுமேல ஒரு சொட்டு சால்வென்ட் விட்டா அந்த மினுமினுப்பு நூல் நூலா கரைஞ்சு பரவும், எவ்வளவு வேகமா பரவுதுங்கிறதுலயே அனுபவம் உள்ளவங்க எண்ணெயோட தன்மையை ஓரளவு சொல்லிடுவாங்க. கூடவே மட்ல கலந்து வர்ற கேஸையும் மிஷின் அளந்துகிட்டே இருக்கும். இதெல்லாம் சேர்ந்ததுதான் அறிவிப்புல "ஆயில் ஷோ", "கேஸ் ஷோ"ன்னு வர்றது. ஷோ வந்தா நல்லதுதான், ஆனா முக்லுக்லயும் கறை இருந்துச்சுங்கிறதை மறந்துடாதீங்க.

அடுத்து லாக். கேபிள்ல கருவிகளைக் கட்டி கிணத்துக்குள்ள இறக்கி அளக்கிறது. அந்த அளவு கிராஃப்ல கோடு கோடா வரும், அதுல மூணு கோட்டைப் புரிஞ்சுக்கிட்டா போதும். காமா ரே, அதாவது பாறைலருந்து இயற்கையா வர்ற கதிர்வீச்சு, குறைவா இருந்தா பொதுவா அது மணற்கல்லோ சுண்ணாம்போ, கூட இருந்தா களிப்பாறை. ரெசிஸ்டிவிட்டி, அதாவது மின்தடை: உப்புத்தண்ணி கரண்ட்டை நல்லா கடத்தும், எண்ணெயும் கேஸும் கடத்தாது, அதனால மின்தடை ஏறினா உள்ள உப்புத்தண்ணி இல்லாத ஏதோ இருக்கு. அந்த "ஏதோ" நல்ல தண்ணியாவோ துளையே இல்லாத இறுகின பாறையாவோ கூட இருக்கலாம், அதுக்குத்தான் மூணாவதா நியூட்ரான், டென்சிட்டிங்கிற ரெண்டு அளவையும் வச்சு துளை எவ்வளவுன்னு பார்க்கிறாங்க, இதுலயே கேஸ் இருந்தா ரெண்டு கோடும் குறுக்கே வெட்டிக்கும். இதையெல்லாம் பார்த்துட்டு, நிஜமா எண்ணெய் எடுக்கத் தேறுற பாறை மட்டும் இவ்வளவுன்னு சொல்ற தடிமன்தான் நெட் பே. 120 மீட்டர் எண்ணெய் பகுதின்னு தலைப்புல போட்டுட்டு, உள்ள நெட் பே 14 மீட்டர்னு இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது அந்த 14.

லாக் வரைக்கும் எல்லாமே ஊகம் கலந்ததுதான். டிசையர் விஷயத்துல மேற்கொண்டு அளந்தப்பதான் படம் மாறுச்சு. உண்மையான பரீட்சை, கிணத்தைத் திறந்துவிட்டு ஓடவிடுறது, ஃப்ளோ டெஸ்ட். நம்ம ஊர்ல போர் போட்டதும் தண்ணி பீறிட்டு அடிக்கும், மோட்டார் இறக்கி ரெண்டு நாள் ஓட்டினா தான் ஒரு இன்ச்சா ரெண்டு இன்ச்சா, நின்னு வருமான்னு தெரியும், அதே கதைதான் இங்கயும். ஒரு நாளைக்கு 5,000 பேரல்னு அறிவிப்பு வந்தா, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு பாருங்க, ஆறு மணி நேரம் ஓட்டிட்டு அதை நாலால பெருக்கியும் ஒரு நாள் கணக்கு சொல்லலாம். சோக் சைஸ் என்னன்னு பாருங்க, அது குழாயோட வாய் எவ்வளவு திறந்திருக்குங்கிற அளவு, 64ல எத்தனை பங்கு இன்ச்னு சொல்வாங்க, முழுசா திறந்துவிட்டா எந்தக் கிணறும் கொஞ்ச நேரத்துக்கு நல்லாத்தான் காட்டும். அழுத்தம் நிலையா நின்னுச்சா, தொடர்ந்து இறங்குச்சா, கூட தண்ணி எவ்வளவு வந்துச்சு, இதெல்லாம் இல்லாம வெறும் பேரல் நம்பர் மட்டும் வந்தா அடுத்த அறிவிப்பு வரைக்கும் பொறுத்திருங்க.

ஏன்னா துளை இருக்கிறது வேற, துளைக்குத் துளை வழி இருக்கிறது வேற. முன்னது போரோசிட்டி, பின்னது பெர்மியபிலிட்டி. இந்த ரெண்டாவது இல்லாததால எவ்வளவு பெரிய திட்டம் கவிழும்னு கிருஷ்ணா கோதாவரி கடல்ல பார்த்தாச்சு. 2005 ஜூன்ல, குஜராத் அரசோட ஜிஎஸ்பிசி கம்பெனி 20 டிரில்லியன் கன அடி கேஸ் கண்டுபுடிச்சிருக்குன்னு அன்னைக்கு முதல்வரா இருந்த நரேந்திர மோடி அறிவிச்சார். அப்புறம் வயலை உருவாக்குற திட்டம் போடும்போது அந்த அளவு பத்துல ஒரு பங்குக்கு வந்துடுச்சு. பாறை இறுகினது, கேஸ் லேசுல ஓடல, அழுத்தமும் வெப்பமும் ரொம்ப அதிகம், அதனால செலவு ஏறிக்கிட்டே போச்சு, கடன் குவிஞ்சுது, அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி கேள்வி கேட்டுச்சு, கடைசில 2017ல ஓஎன்ஜிசி அந்தத் திட்டத்துல ஜிஎஸ்பிசி வச்சிருந்த 80 சதவீத பங்கை சுமார் 8,000 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கிச்சு. அது பொதுமக்கள் காசு, அதனாலதான் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன்.

அதே கிருஷ்ணா கோதாவரில ரிலையன்ஸோட டி6 பிளாக், அதாவது எண்ணெய், கேஸ் தேட அரசு ஒதுக்கின பகுதி, வேற மாதிரி. அங்க கேஸ் நிஜமாவே வந்துச்சு, 2009 ஏப்ரல்ல உற்பத்தி ஆரம்பிச்சு 2010ல ஒரு நாளைக்கு 6 கோடி கன மீட்டரைத் தொட்டுச்சு, திட்டம் போட்டது 8 கோடி. அப்புறம் விழ ஆரம்பிச்சு 2014 வாக்குல கால்வாசிக்கும் கீழ போயிடுச்சு. பூமிக்கடியில எதிர்பார்த்ததை விட சிக்கல், தண்ணியும் மணலும் உள்ள வந்துடுச்சுன்னு கம்பெனி சொல்லுச்சு, சொன்ன எண்ணிக்கைல கிணறு தோண்டலன்னு அரசு சொல்லுச்சு. அந்தச் சண்டைல யார் சரின்னு நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல, ஆனா அதுல 10 சதவீதம் வச்சிருந்த நிகோ ரிசோர்சஸ்ங்கிற கனடா கம்பெனியைப் பாருங்க, 100 கனடா டாலருக்கு மேல போன ஷேர் 2015ல ஒரு டாலருக்கும் கீழ வந்துடுச்சு. கேஸ் இருந்துச்சு, வெளியவும் வந்துச்சு, ஆனா எவ்வளவு நாள் வரும்ங்கிறதுல கணக்கு தப்பிடுச்சு. 2011ல 720 கோடி டாலர் கொடுத்து 30 சதவீத பங்கு வாங்கின பிபிக்கே இது முன்கூட்டி தெரியல. பெரிய கை உள்ள வந்துட்டா நாமளும் போகலாம்ங்கிற வாதத்தை இதோட வச்சுப் பாருங்க.

பேரல் கணக்கு எப்படி வருதுன்னு ஒரு தடவை நீங்களே போட்டுப் பார்த்தீங்கன்னா பிறகு எந்த நம்பரும் மிரட்டாது. ஒரு ஏக்கர் பரப்பு, ஒரு அடி தடிமன், முழுக்க வெத்திடமா இருந்தா அதுல 7,758 பேரல் புடிக்கும். இதோட ஏக்கரைப் பெருக்கு, நெட் பே அடியைப் பெருக்கு, துளை சதவீதத்தைப் பெருக்கு, துளைல தண்ணி போக மீதி சதவீதத்தைப் பெருக்கு, அப்புறம் எண்ணெய் மேல வரும்போது கேஸ் பிரிஞ்சு சுருங்குறதுக்காக 1.2 மாதிரி ஒரு எண்ணால வகு. 1,000 ஏக்கர், 50 அடி, துளை 20 சதவீதம், எண்ணெய் 70 சதவீதம்னா சுமார் 4.5 கோடி பேரல். இது பூமிக்குள்ள இருக்கிறது. அதுல 30 சதவீதம்தான் எடுக்க முடியும்னா 1.36 கோடி. இப்ப தடிமனை 25 அடியாக்குங்க, எண்ணெயை 50 சதவீதமாக்குங்க, எடுக்கிறதை 20 சதவீதமாக்குங்க, எதுவுமே அநியாயமான மாத்தம் இல்ல. விடை 32 லட்சம் பேரல். நாலுல ஒரு பங்கு! ஒரே ப்ராஸ்பெக்ட், அதாவது எண்ணெய் இருக்கலாம்னு குறிச்சு வச்ச ஒரே இடம், கையெழுத்து போடுறவர் நல்ல மூட்ல இருந்தா 1.36 கோடி, ஜாக்கிரதையா இருந்தா 32 லட்சம். அதனால நம்பரை விட, அந்த நம்பர் எந்த உள்ளீடுகளை வச்சு வந்துச்சு, அந்த உள்ளீடு அளந்ததா ஊகிச்சதாங்கிறதுதான் பார்க்க வேண்டியது.

அறிவிப்புல நம்பருக்குப் பக்கத்துல இருக்கிற வார்த்தையை கவனமா படிக்கணும். ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்னா இன்னும் தோண்டவே இல்ல. கன்டிஞ்சென்ட் ரிசோர்ஸ்னா கண்டுபுடிச்சாச்சு, ஆனா எடுக்கிறதுக்கு ஏதோ ஒண்ணு, விலையோ பைப்லைனோ அனுமதியோ, இன்னும் தடையா நிக்குது. ரிசர்வ்னாதான் எடுத்து வித்து லாபம் பார்க்கலாம்னு தேறினது, அதுலயும் 1பி, 2பி, 3பின்னு மூணு நிலை. 1பின்னா அந்த அளவாவது கிடைக்கிறதுக்கு 90 சதவீத வாய்ப்பு, 2பி 50, 3பி வெறும் 10. தோண்டாத ப்ராஸ்பெக்டுக்கும் இதே மாதிரி குறைஞ்சது, நடுவுல, அதிகபட்சம்னு மூணு அளவு இருக்கும், தலைப்புல வர்றது அந்த அதிகபட்சமாவும் இருக்கலாம். இந்த வகைப் பிரிவுல உலகப் பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கு, 2004 ஜனவரில ஷெல் தன்னோட உறுதியான இருப்புல 390 கோடி பேரலை, அதாவது அஞ்சுல ஒரு பங்கை, அந்த வகையில சேராதுன்னு சொல்லி கீழ இறக்குச்சு, சேர்மன் பதவி விலகினார். இன்னொரு சின்ன வார்த்தை: கிராஸ், நெட். 10 கோடி பேரல் கிராஸ், கம்பெனிக்கு அதுல 12 சதவீதம்தான் பங்குன்னா அவங்களுக்கு 1.2 கோடி, அதுலயும் அரசுப் பங்கு போகணும்.

இருக்கு, வரும், சரி. காசாகுமா? ராஜஸ்தான் பார்மர்ல 2004ல கெயர்ன் கண்டுபுடிச்ச மங்களா வயல் இந்தியாவோட நல்ல கண்டுபிடிப்புகள்ல ஒண்ணு, ஆனா அந்த எண்ணெய்ல மெழுகு ரொம்ப ஜாஸ்தி, சாதாரண வெப்பத்துலயே உறைஞ்சு நின்னுடும். குஜராத் வரைக்கும் வழி நெடுக சூடுபடுத்திக்கிட்டே போற பைப்லைன் போட்டாங்க, உற்பத்தி ஆரம்பிக்க 2009 ஆகிடுச்சு, வித்த விலையும் உலக சந்தைல அளவுகோலா வைக்கிற பிரெண்ட் எண்ணெயை விட குறைவு. அது பெரிய வயல், அதனால தாங்குச்சு. மன்னார்ல, இலங்கைப் பக்கம், 2011ல அதே கெயர்ன் குழுமம் டொராடோங்கிற கிணத்துல கேஸ் கண்டுபுடிச்சுது, பக்கத்துல பாரகுடாலயும் கிடைச்சுது, ஆனா வியாபாரக் கணக்கு ஒத்து வரலன்னு 2015ல விட்டுட்டுப் போயிட்டாங்க. கேஸ் இன்னும் அங்கயேதான் இருக்கு. கடலுக்கு நடுவுல கிடைச்ச கேஸுக்கு பைப்பும் வாங்குறவனும் இல்லாம விலையே கிடையாது, எண்ணெயாவது கப்பல்ல ஏத்திடலாம்.

நமீபியாவை வச்சு இப்ப நிறைய பேர் ஆசைப்படுறாங்க. 2022ல ஷெல்லோட கிராஃப், டோட்டல்எனர்ஜீஸோட வீனஸ் ரெண்டும் நிஜமான பெரிய கண்டுபிடிப்புதான். ஆனா 2025 ஜனவரில ஷெல் அங்க செலவு பண்ணதுல சுமார் 40 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதிடுச்சு, இப்போதைக்கு வியாபாரத்துக்குத் தேறாதுன்னு. இதுக்கு நேர் எதிரான கதையும் இருக்கு. கயானா ஸ்டாப்ரோக் பிளாக்ல ஷெல் 50 சதவீதம் வச்சிருந்துட்டு 2014ல வெளிய போயிடுச்சு, 2015ல எக்ஸான்மொபில் லிசா கிணத்துல எண்ணெய் கண்டுபுடிச்சுது, இப்ப அந்த பிளாக்ல 1,100 கோடி பேரலுக்கு மேலன்னு சொல்றாங்க. அதனால பெரிய கம்பெனி வர்றதும் போறதும் ஒரு தகவல், அவ்வளவுதான். அவங்க காரணம் என்னன்னு படிங்க.

இந்த மண்ணுல வாழ்ற மக்களையும் அவங்க போடுற சட்டத்தையும் கணக்குல சேர்க்காம யாரும் ப்ராஸ்பெக்ட் மதிப்பு போடக் கூடாது. காவிரிப் படுகைல நரிமணம், கமலாபுரம், குத்தாலம், புவனகிரின்னு ஓஎன்ஜிசி பல வருஷமா எடுக்குது, பூமியைப் பொறுத்தவரை நிரூபணமான பேசின். ஆனா 2017ல நெடுவாசல்ல ஊரே உக்காந்து போராடுச்சு, 2020ல தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்து டெல்டால புது ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு தடை போட்டுச்சு. நெல் விளையிற நிலமும் குடிக்கிற தண்ணியும் அங்க இருக்கிறவங்களுக்கு எல்லாத்துக்கும் மேல, அவங்க கேட்டது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன், முதலீடு பண்றவங்களுக்கும் ஊர் சம்மதம் இல்லாத பிளாக்ல பேரல் நம்பருக்கு மதிப்பு கிடையாது. வரியும் அப்படித்தான், 2022 ஜூலைல விலை ஏறினப்ப இந்திய அரசு கச்சா எண்ணெய்க்கு திடீர்னு விண்ட்ஃபால் வரி, அதாவது எதிர்பாராம வந்த கூடுதல் லாபத்து மேல வரி, போட்டுச்சு, 2024 டிசம்பர்லதான் எடுத்தாங்க. ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா ஷேர் வச்சிருந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

கம்பெனியைப் பார்க்கும்போது நான் முதல்ல திறக்குறது கேஷ் ஃப்ளோ பக்கம். கையில எவ்வளவு காசு, மாசம் எவ்வளவு செலவு, தோண்டப் போற கிணத்துல அவங்க பங்கு எவ்வளவு, வித்தியாசத்துக்கு எங்க போவாங்க. பெரும்பாலும் தோண்டுறதுக்கு முன்னாடி ஆர்வம் ஏறும்போது புது ஷேர் வெளியிட்டு காசு தூக்குவாங்க, பழையவங்க பங்கு நீர்த்துடும், கிணறு தோத்தா மறுபடி இன்னும் குறைஞ்ச விலைல வெளியிடுவாங்க. இதைவிட நல்ல அறிகுறி, வேறொரு திறமையான கம்பெனி செலவைத் தானே ஏத்துக்கிட்டு பங்கு வாங்கி உள்ள வர்றது, ஃபார்ம்-இன்னு சொல்றது. சொந்தக் காசு போட்டு டேட்டாவைப் பார்த்துட்டு வர்றாங்கல்ல. அடுத்தது கிணத்து எண்ணிக்கை, ஒரே கிணத்துல எல்லாத்தையும் வச்சிருக்கிற கம்பெனில நீங்க போடுறது முழுசா போனாலும் வீடு நடக்கணும், அந்த அளவுக்கு மேல வேண்டாம்.

இப்ப கொஞ்ச வருஷமா, குறிப்பா அமெரிக்கால இருக்கிற நம்மாளுங்ககிட்ட, ஷேர் மார்க்கெட் வழியா இல்லாம நேரடியா கிணத்துலயே பங்கு தர்றோம், வொர்க்கிங் இன்ட்ரஸ்ட்னு போன் வருது. டெக்சஸ், ஓக்லஹோமா கிணறுகள். நல்லவங்களும் இருக்காங்க, ஆனா இந்த வகை தனியார் விற்பனைல மோசடி நிறையன்னு ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கிற அமெரிக்க எஸ்இசியே எச்சரிக்கை கொடுத்திருக்கு. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். 50 லட்சம் டாலர் கிணறு, உங்களுக்கு 5 சதவீதம், நீங்க கொடுக்கிறது 2.5 லட்சம். நிலத்துக்காரருக்கு ராயல்டி 20 சதவீதம் போனா உங்களுக்கு வர்றது 4 சதவீதம், ஆனா செலவுல மட்டும் 5 சதவீதம் உங்க தலைல. கிணறு 100 பேரல்ல ஆரம்பிக்குது, ப்ரோஷர்ல இருக்கிற நம்பர் அதுதான். ஷேல்ங்கிற இறுகின களிப்பாறைல தோண்டின கிணறுன்னா முதல் வருஷத்துலயே 60 சதவீதம் விழுறது சகஜம், அப்ப அந்த வருஷ சராசரி சுமார் 65 பேரல். 70 டாலர் விலைல உங்க பங்கு ஒரு நாளைக்கு 182 டாலர், தினச் செலவு 1,500ல உங்க பங்கு 75, மிச்சம் 107, வருஷத்துக்கு 39,000. ரெண்டாவது வருஷம் சராசரி 31 பேரல், செலவு போக நாளைக்கு 12 டாலர், வருஷம் 4,000 சொச்சம். 2.5 லட்சம் திரும்பி வர வழியே இல்ல, இத்தனைக்கும் இது எண்ணெய் கிடைச்ச கிணறு.

அதனால அந்த போன் வந்தா கேளுங்க: பக்கத்துக் கிணறுகள் மாசாமாசம் எவ்வளவு எடுத்திருக்குங்கிற கணக்கு எங்க? டெக்சஸ்ல ரெயில்ரோட் கமிஷன்தான் எண்ணெய்க் கிணறுகளை கண்காணிக்குது, அவங்க வெப்சைட்ல இந்த உற்பத்திக் கணக்கு பொதுவுல இருக்கு, நீங்களே எடுத்துப் பார்க்கலாம். கிணறு தோண்டுற நிஜ செலவு எவ்வளவு, எங்ககிட்ட வாங்குறது எவ்வளவு, நடுவுல உங்களுக்கு எவ்வளவு நிக்குது? விக்கிறவர் தன் காசு போட்டிருக்காரா? கூடுதல் செலவு வந்தா நான் கட்டணுமா, கட்டலன்னா என் பங்கு என்ன ஆகும்? விபத்து ஆனா பொறுப்பு என் மேல வருமா? ஏன்னா வொர்க்கிங் இன்ட்ரஸ்ட்ங்கிறது ஷேர் மாதிரி போட்ட காசோட நிக்காது, கடனும் நஷ்டஈடும் பங்குதாரர் வரைக்கும் வரலாம். கடைசியா, எண்ணெய் வத்தினதும் கிணத்துக்குள்ள சிமெண்ட் இறக்கி மூடணும், அது சட்டம். அதுக்கான காசை இப்பவே எடுத்து வச்சிருக்காங்களா, எந்தக் கணக்குல, எவ்வளவு, அதை எழுத்துல வாங்கிக்கோங்க.